பழைய பைக்கில் மீட்டர் தப்பாகக் காட்டுகிறதா? நீலகிரியில் வண்டி ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய பைக் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் எஞ்சினைப் பற்றிக் கேட்பதைவிட மீட்டரைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். முள் ஆடுகிறது, பெட்ரோல் காட்டவில்லை, மைலேஜ் காலையில் 90 என்கிறது, மாலையில் 28 என்கிறது. மலையில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. பல சமயம் மீட்டரில் கோளாறே இருக்காது. ஏற்றம், இறக்கம், குளிர், மேகமூட்டம் இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அது தெரியாமல் நல்ல மீட்டரைக் கழற்றிப் போட்டவர்கள் உதகையிலும் குன்னூரிலும் உண்டு.

மீட்டர் தப்பாகக் காட்டினால் முதலில் எதைப் பார்ப்பது?

மீட்டரை விடுங்கள். அது எங்கிருந்து கணக்கு வாங்குகிறது என்று பாருங்கள்.

கேபிள் மீட்டர் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் முன்சக்கர ஹப்பில் ஒரு வார்ம் கியர் (திருகு போன்ற பல்சக்கரம்) இருக்கும். சக்கரம் சுற்றினால் அது கேபிளைச் சுற்றும்; கேபிள் மீட்டருக்குள் இருக்கும் காந்தத்தைச் சுற்றும். காந்தத்தை மூடினாற்போல ஒரு அலுமினியக் கிண்ணம் இருக்கும். இரண்டும் தொடாது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அதையும் இழுக்கும். ஒரு மெல்லிய சுருள்வில் எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்ஸ 1902இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. நம் கேபிள் மீட்டர்களில் இன்றைக்கும் இதேதான்.

டிஜிட்டல் மீட்டர் வண்டிகளில் கேபிளுக்குப் பதில் ஒரு சென்சார். சிலவற்றில் அது முன்சக்கரத்தில் இருக்கும், சிலவற்றில் ஏபிஎஸ் வளையத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், இன்னும் சிலவற்றில் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும். பெட்ரோல் முள்ளுக்கு டேங்குக்குள் மிதக்கும் ஃப்ளோட். ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) முள்ளுக்கு இக்னிஷன் துடிப்பு அல்லது ஈசியு என்னும் எஞ்சினை நடத்தும் மின்னணுப் பெட்டி. மிகப் பழைய வண்டி என்றால் எஞ்சினிலிருந்து வரும் தனிக் கேபிள்.

இதோடு ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று முள் கெட்டுப்போனால் கோளாறு முள்களில் இருக்காது. பேட்டரி, ஃபியூஸ், எர்த், கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்) என எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் இடத்தில் இருக்கும்.

ஸ்பீடோ முள் ஆடிக்கொண்டே இருக்கிறது. காலையில் கீச்சென்ற சத்தம் வேறு. மீட்டர் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. கேபிள் உள்ளே காய்ந்திருக்கும், அல்லது எங்கோ மடங்கியிருக்கும். உள்கம்பி சீராகச் சுழலாமல் முறுக்கிக்கொண்டு, பிறகு சட்டென்று விடும். அதைத்தான் முள் ஆட்டமாகக் காட்டுகிறது. மேலே ஹெட்லைட்டுக்குப் பின்னாலும் கீழே ஃபோர்க் பக்கத்திலும் கேபிள் வளையும் இடங்களைக் கையால் தடவிப் பாருங்கள். மேலுறை வெடித்திருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே போய்த் துரு பிடித்திருக்கும். புதுக் கேபிள்தான் வழி. விலை பெரிதில்லை.

உறை நன்றாக இருந்தால் உள்கம்பியை உருவி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மெல்லிய கிரீஸ் தடவிப் போடலாம். இதில் இரண்டு விஷயம் முக்கியம். முதலாவது, மேல்முனையில் அரைச் சாண் நீளத்துக்கு கிரீஸ் வேண்டாம். எண்ணெயோ கிரீஸோ மீட்டருக்குள் ஏறினால் காந்தமும் கிண்ணமும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் 30இல் போனாலும் முள் 80இல் நிற்கும். இரண்டாவது, கெட்டி கிரீஸ் தடவாதீர்கள். மேட்டுப்பாளையத்தில் அது பிரச்சினை செய்யாது. தலைகுந்தாவில் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி காலையில் அதே கிரீஸ் இறுகிக்கொள்ளும். வண்டி கிளம்பிச் சிறிது தூரம் முள் துள்ளி, வெயில் ஏறியதும் சரியாகிவிட்டால் காரணம் இதுதான்.

பஞ்சர் போட்டு வந்ததிலிருந்து ஸ்பீடோ ஓடவில்லை.

கேபிளை வாங்கப் போகாதீர்கள். முன்சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது ஹப்பில் உள்ள இரண்டு காதுகளும் வார்ம் டிரைவில் உள்ள பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். அவசரத்தில் காது மேலே ஏறி நிற்க, ஆக்ஸிலை முறுக்கிவிடுவார்கள். அந்த நொடியிலேயே தகடு நசுங்கிவிடுவதும் உண்டு. சக்கரத்தைத் தளர்த்தி, டிரைவை மெல்லச் சுற்றிப் பொருத்தி, மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பினியன் பல் தேய்ந்திருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம். கடையை விட்டுக் கிளம்பும் முன் முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் வேகமாகச் சுற்றிப் பாருங்கள். முள் கொஞ்சமாவது அசைய வேண்டும்.

முள் வேலை செய்கிறது, கிலோமீட்டர் ஓடவில்லை. சில வண்டியில் நேர்மாறாக இருக்கிறது. எப்படி?

இரண்டும் ஒரே கேபிளில் தொடங்கினாலும் மீட்டருக்குள் பிரிந்துவிடும். கிலோமீட்டர் எண்கள் பல்சக்கரத்தால் ஓடுகின்றன. முள் காந்தத்தால் ஓடுகிறது. முள் மட்டும் ஓடினால் உள்ளே பல்சக்கரம் உடைந்திருக்கிறது. கிலோமீட்டர் மட்டும் ஓடினால் முள், கிண்ணம், சுருள்வில் இவற்றில் ஏதோ ஒன்று. இரண்டும் நின்றுவிட்டால் மீட்டருக்குக் கீழே தேடுங்கள்: கேபிள் அறுந்திருக்கும் அல்லது வார்ம் போயிருக்கும்.

மீட்டரா கேபிளா என்று சந்தேகம் தீராவிட்டால் ஒரு வழி இருக்கிறது. கேபிளின் கீழ்முனையை ஹப்பிலிருந்து கழற்றி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டிரில் மிஷினில் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். முன்சக்கரம் முன்னோக்கிப் போகும்போது கேபிள் எந்தப் பக்கம் சுற்றுமோ அதே பக்கம் சுற்ற வேண்டும். ஜப்பானிய முறையில் செய்த மீட்டர்கள் பலவற்றில் கிலோமீட்டருக்கு 1,400 சுற்று என்பது கணக்கு. அதாவது நிமிடத்துக்கு 1,400 சுற்றில் முள் 60ஐ ஒட்டி நிற்க வேண்டும். நின்றால் மீட்டர் நல்லது.

போனில் ஜிபிஎஸ் 42 காட்டுகிறது, மீட்டர் 47 காட்டுகிறது. எது சரி?

நேரான, வானம் திறந்த சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது எடுத்தது என்றால் ஜிபிஎஸ்தான் உண்மைக்கு அருகில். மீட்டர் கூடுதலாகக் காட்டுவது கோளாறு அல்ல. உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது ஐ.நா. வாகன ஒழுங்குமுறை எண் 39இன் அடிப்படை. மோட்டார் சைக்கிளுக்கு உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கோடு 8 கி.மீ. வரை கூடுதலாகக் காட்டலாம் என்று அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள். 40இல் போகும் வண்டி 52 வரை காட்டினாலும் அந்த எல்லைக்குள்தான். தயாரிப்பாளர்கள் அதனால் எப்போதும் மேல்பக்கமே சாய்த்து வைப்பார்கள். 42க்கு 47 என்பதெல்லாம் நல்ல மீட்டர்.

கவலைப்பட வேண்டியது மீட்டர் குறைத்துக் காட்டும்போதுதான். பழைய மீட்டரில் காந்தத்தின் பலம் குறைந்தால் முள் தாழ்ந்து நிற்கும். சுருள்வில் தளர்ந்தால் உயர்ந்து நிற்கும்.

சோதனையை எங்கே செய்வது என்பதும் முக்கியம். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் போனைப் பார்த்துச் சோதிப்பதில் பயனில்லை, ஆபத்தும்கூட. மேட்டுப்பாளையம் இறங்கும் வேலை வரும் நாளில் காரமடைப் பக்கம் நேர்ச்சாலையில், பின்னால் உட்கார்ந்திருப்பவர் போனைப் பார்க்க, 40இல் சிறிது நேரம் ஒரே சீராக ஓட்டுங்கள். அது போதும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை மீட்டரில் ஒரு தூரம், போனில் குறைந்த தூரம். சரிவில் ஏறுவதால்தானே?

மலையில் எல்லோரும் சொல்லும் காரணம் இது. ஆனால் கணக்குப் போட்டால் நிற்காது. நூறு மீட்டருக்கு 8 மீட்டர் ஏறும் நல்ல செங்குத்தான சாலையில்கூட, வரைபடத்தில் உள்ள தூரத்துக்கும் சக்கரம் உருளும் தூரத்துக்கும் கிலோமீட்டருக்குச் சுமார் 3 மீட்டர்தான் வித்தியாசம். 50 கி.மீ. முழுக்க அப்படியே ஏறினாலும் 160 மீட்டரைத் தாண்டாது.

உண்மையான காரணம் வளைவுகள். சில செயலிகள் பேட்டரியை மிச்சப்படுத்தச் சில விநாடிகளுக்கு ஒருமுறைதான் இடத்தைக் குறிக்கும். பிறகு புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கும். கொண்டை ஊசி வளைவு அந்தக் கோட்டில் வெட்டுப்பட்டுப் போகும். பாறைச் சுவர் ஓரமும் அடர்ந்த மரநிழலும் சிக்னலை அலைக்கழிக்கும். மலைச்சாலைத் தூரத்துக்கு நான் போனைவிட ஓடோமீட்டரைத்தான் நம்புவேன். ஸ்பீடோ முள் பத்து சதம் கூட்டிக் காட்டினாலும் கிலோமீட்டர் கணக்கு சரியாக இருக்கலாம், ஏனென்றால் அது பல்சக்கரக் கணக்கு. டயர் அளவு சரியாக இருந்தால் அதில் தவறு வர வழி குறைவு.

முன்னால் வைத்திருந்தவர் டயரையும் ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றியிருக்கிறார். அது மீட்டரைப் பாதிக்குமா?

மீட்டர் எந்தச் சக்கரத்தில் கணக்கு வாங்குகிறது என்பதைப் பொறுத்தது. முன்சக்கரத்தில் வாங்கும் வண்டிக்குப் பின் ஸ்ப்ராக்கெட் எத்தனை பல் என்பது ஒரு பொருட்டே இல்லை. ஏற்றத்துக்கு இழுவை வேண்டும் என்று பின் ஸ்ப்ராக்கெட்டைப் பெரிதாக்குவது இந்தப் பக்கம் சகஜம். சென்சார் கியர்பாக்ஸில் இருக்கும் வண்டியில் அப்படிச் செய்தால் மீட்டர் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும், கிலோமீட்டரும் சேர்ந்து வேகமாக ஓடும். 42 பல்லுக்குப் பதில் 45 போட்டால் 7 சதம் கூடுதல்.

முன் டயரில் 2.75-18க்குப் பதில் 3.00-18 போட்டால் விட்டம் சுமார் 2 சதம் கூடும். மீட்டர் அதே அளவு குறைத்துக் காட்டும். இதை விட்டுவிடலாம். 18 அங்குலச் சக்கரத்தையே எடுத்துவிட்டு 17 அங்குலம் மாட்டியிருந்தால், அதுவும் பழைய வார்மையே வைத்து மாட்டியிருந்தால், மீட்டர் 4 சதத்துக்கு மேல் கூட்டிக் காட்டும். டிஸ்க் பிரேக் வேண்டும் என்று வேறு வண்டியின் முன்சக்கரத்தை மொத்தமாக மாற்றியவர்களின் வண்டிகளில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

அளந்து பார்ப்பது எளிது. சமதளத்தில் முன் டயர் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, வண்டிமேல் ஒருவர் உட்கார்ந்திருக்க, ஒரு முழுச்சுற்று உருட்டித் தரையில் டேப் வைத்து அளங்கள். 2.75-18 டயருக்குச் சுமார் 1 மீட்டர் 85 சென்டிமீட்டர் வரும். கம்பெனி டயருக்கு வர வேண்டிய அளவோடு ஒப்பிட்டால் எத்தனை சதம் தப்பு என்று தெரிந்துவிடும்.

ஏற்றத்தில் பெட்ரோல் முள் ஏறுகிறது, இறக்கத்தில் விழுகிறது. அடுத்த வண்டியில் நேர்மாறு.

இரண்டும் சரியான வண்டிகள். ஏறும்போது பெட்ரோல் டேங்கின் பின்பக்கம் சாயும். ஃப்ளோட் பின்பக்கம் இருந்தால் முள் ஏறும், முன்பக்கம் இருந்தால் இறங்கும். சைடு ஸ்டாண்டில் இடப்பக்கம் சாய்த்து நிறுத்தினாலும் இதே கதை. சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சாவியைத் திருப்பி, முள் நிலைக்கும்வரை காத்திருந்து பாருங்கள். அந்த அளவு மட்டும்தான் கணக்கு.

பைக் டேங்கின் அடியில் நடுவே ஃபிரேமுக்காக மேடாக இருக்கும். பெட்ரோல் மிகக் குறைந்துவிட்டால் குழாய் இல்லாத பக்கத்தில் கொஞ்சம் தங்கிவிடும். கட்டபெட்டு தாண்டி வண்டி நின்றுவிட்டால், குழாய் இருக்கும் பக்கமாக வண்டியை நன்றாகச் சாய்த்து நிமிர்த்துங்கள். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் சில கிலோமீட்டருக்கு அது கைகொடுக்கும். எஃப்ஐ வண்டியில் (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டி) பெட்ரோல் இல்லாமல் பம்பை ஓடவிடுவது பம்புக்கே கேடு. அதில் கடைசிக் கோட்டை நம்பி மலை ஏறாதீர்கள்.

முள் எப்போதும் எஃப்-இலேயே நிற்கிறது, அல்லது இ-யை விட்டு எழுவதே இல்லை.

முதலில் டேங்க் யூனிட்டின் கப்ளரைக் கழற்றுங்கள். முள் இருக்கும் சாதாரண மீட்டர் என்றால், சாவி போட்ட நிலையில் மீட்டர் பக்கத்து இரண்டு ஒயர்களையும் ஒரு துண்டு ஒயரால் ஒரு கணம் இணைத்துப் பிரியுங்கள். முள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக முயன்றால் மீட்டரும் ஒயரிங்கும் சரி. டேங்குக்குள் இருக்கும் யூனிட்தான் கெட்டது. அசையவே இல்லையென்றால் ஒயரிங் அல்லது மீட்டர். டேங்க் மூடி மூடியிருக்கட்டும், பெட்ரோல் சிந்திய இடத்தில் செய்யாதீர்கள். முழு டிஜிட்டல் வண்டியில் இந்த வேலை வேண்டாம்; மல்டிமீட்டரில் யூனிட்டின் ஓம்ஸ் அளந்து பாருங்கள். ஃப்ளோட்டைக் கீழிருந்து மேலே மெல்லத் தூக்கும்போது எண் சீராக மாற வேண்டும். நடுவில் எங்காவது தாவினால் அந்த இடத்தில் தடம் தேய்ந்திருக்கிறது.

நீண்ட நாள் நின்ற வண்டிகளில் ஃப்ளோட் கை துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தினால் காலி இடத்தில் உள்ள ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராகும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதம் வரை எத்தனால். அது தண்ணீரை உறிஞ்சும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து அடியில் தங்கும். மழைக்காலத்தில் வண்டியை ஓரம் கட்டுவதாக இருந்தால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள்.

இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள்ளும் சேர்ந்து துடிக்கிறது.

எர்த் சரியில்லை. மலை வண்டிகளில் இதற்குப் பின்னால் ஒரு ஃபாக் லைட் இருக்கும். முன்னால் வைத்திருந்தவர் ரிலே போடாமல், மீட்டருக்குப் போகும் ஒயரையே சுரண்டி, டேப் சுற்றி விளக்கைக் கொடுத்திருப்பார். போன் சார்ஜர், ஏர்ஹாரன் எல்லாம் இதே வகை. முதலில் அவற்றைக் கழற்றிவிட்டு வண்டியை ஓட்டிப் பாருங்கள். பிறகு ஃபிரேமில் எர்த் முறுக்கிய இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். கப்ளர்களுக்குள் பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்ததும் கொஞ்சம் வாஸ்லின் தடவினால் ஈரம் ஏறாது.

ஹேண்டிலை முழுக்கத் திருப்பும்போது மட்டும் டிஜிட்டல் மீட்டர் அணைந்து எரிகிறதா? ஹேண்டில் கழுத்துக்குப் பின்னால் ஒயர் கட்டு வளைந்து வளைந்து உள்ளே ஒரு கம்பி அறுந்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. எஞ்சின் ஓட, கட்டை விரலால் அழுத்தி அழுத்திக்கொண்டே போனால் இடம் சிக்கும்.

மைலேஜ் காட்டும் எண் ஏறும்போது 30, இறங்கும்போது 90. சராசரி 60 என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. எஃப்ஐ வண்டியில் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டால் பெட்ரோல் பாய்ச்சுவதையே ஈசியு நிறுத்திவிடும். அதனால் இறக்கத்தில் எண் தாறுமாறாக ஏறும். இப்போது கணக்கைப் பாருங்கள். 50 கி.மீ. ஏற லிட்டருக்கு 30 என்றால் 1.67 லிட்டர். 50 கி.மீ. இறங்க 90 என்றால் 0.56 லிட்டர். மொத்தம் 100 கி.மீ.க்கு 2.23 லிட்டர், அதாவது லிட்டருக்கு 45 மட்டுமே. விற்பவர் மேட்டுப்பாளையம் இறங்கியதும் எடுத்த போட்டோவைக் காட்டி மைலேஜ் பேசினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரியான வழி பழைய வழிதான். ஒரே பங்கில், சென்டர் ஸ்டாண்டில், கழுத்து வரை நிரப்புங்கள். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும்படி ஓட்டி, மறுபடி அதே அளவுக்கு நிரப்பி வகுத்துப் பாருங்கள். மீதிப் பெட்ரோலில் இவ்வளவு தூரம் போகலாம் என்று சொல்லும் எண்ணும் கடைசியாக ஓட்டிய சாலையை வைத்தே பேசுகிறது. இறங்கி வந்த கையோடு அது காட்டும் தூரத்தை நம்பிக் கல்லாறிலிருந்து திரும்ப ஏறினால் வழியில் நிற்க வேண்டியதுதான்.

உதகையில் ஐடில் ஆர்பிஎம் குறைவாகக் காட்டுகிறது. கோவையில் சரியாக இருந்தது.

கார்புரேட்டர் வண்டி என்றால் முள் உண்மையைத்தான் சொல்கிறது. உதகை 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் அங்கே சுமார் 76 சதம்தான். குன்னூரில் 80. காற்று குறைய, கார்புரேட்டர் அதே அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காது. கலவை கெட்டியாகி ஐடில் விழும். ஐடில் ஸ்க்ரூவையும் ஏர் ஸ்க்ரூவையும் இங்கே வைத்துச் சரிசெய்தால் போதும். எஃப்ஐ வண்டி காற்றழுத்தத்தை அளந்து தானே சரிசெய்துகொள்ளும்.

முள் குறையாமல் தாவுகிறது என்றால் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள். ரெசிஸ்டர் பிளக் போட வேண்டிய வண்டியில் சாதா பிளக் போட்டிருந்தால் அதன் மின்னிரைச்சல் ஆர்பிஎம்மை மட்டுமல்ல, டிஜிட்டல் திரையையும் குழப்பும்.

கண்ணாடிக்குள் பனி படர்ந்து எண்ணே தெரியவில்லை.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் வரும் புகார் இது. லேசாகப் படர்ந்து வெயிலில் போய்விட்டால் விட்டுவிடுங்கள். சொட்டாக நின்றால் ரப்பர் சீல் போயிருக்கிறது, அல்லது அடியில் உள்ள காற்றுத்துளை சேற்றால் அடைத்திருக்கிறது. பிரஷர் வாஷில் மீட்டரை நேராக அடிப்பதும் ஒரு காரணம். மீட்டரைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு டப்பாவில் மூடி வைத்தால் ஈரம் இறங்கும். பிறகு சீலை மாற்றுங்கள். ஹேர் டிரையரைக் கிட்டே பிடித்து டயலை வளைத்துவிட வேண்டாம்.

கடுங்குளிர் காலையில் எல்சிடி எண்கள் மெதுவாக மாறினால் அது குளிரின் வேலை. ஸ்டார்ட்டரை அழுத்தியதும் கடிகாரமும் டிரிப்பும் பூஜ்யமானால் அது பேட்டரி. நிற்கும்போது 12.6 வோல்ட், எஞ்சின் கொஞ்சம் வேகமாக ஓடும்போது 14ஐ ஒட்டி இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

மேட்டுப்பாளையத்தில் டயருக்கு அடித்த காற்று உதகையில் கேஜில் ஏன் மாறவில்லை? உயரம் கூடினால் கூட வேண்டாமா?

வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் சுமார் 3 பிஎஸ்ஐ கூடத்தான் வேண்டும். ஆனால் கீழே 33 டிகிரி, மேலே 15 டிகிரி என்றால் டயருக்குள் உள்ள காற்று குளிர்ந்து 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கிவிடும். இரண்டும் கழிந்துபோகும். கேஜ் நல்லதுதான்.

20 வருட வண்டி, மீட்டரில் 18,000 கி.மீ. நம்பலாமா?

அவசரப்பட்டு ஏமாற்று என்று சொல்ல வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம். ஐந்து இலக்க மீட்டர் 99,999க்குப் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 18,000 என்பது 1,18,000 ஆக இருக்கலாம், யாரும் கைவைக்காமலேயே. கடைசி இலக்கம் வேறு நிறத்தில் இருந்தால் அது நூறு மீட்டர் கணக்கு என்பதையும் பாருங்கள். கேபிள் அறுந்து வருடக்கணக்கில் அப்படியே ஓட்டிய வண்டிகளும் ஏராளம்.

வேண்டுமென்றே திருப்பியிருந்தால் தடயம் இருக்கும். எண்கள் ஒரே கோட்டில் நிற்காமல் மேலும் கீழுமாக இருக்கும். மீட்டர் ஸ்க்ரூ தலைகள் சிதைந்திருக்கும். ஆர்சியில் உள்ள வருடத்தைவிட மீட்டர் புதிதாகப் பளபளக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்து, கடைசியாக வந்தபோது எத்தனை கி.மீ. என்று கேளுங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. 9,000 கி.மீ. காட்டும் வண்டியில் இரண்டாவது ஜோடி டயரும் மொட்டையாக இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். ஃபுட்ரெஸ்ட் ரப்பர், கிக்கர், பிரேக் பெடலின் வரிகள், டிஸ்க்கின் விளிம்பு ஆகியவற்றைத் திருப்ப முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் விற்பவர் பக்கம் நான் நிற்பேன். டிஎன் 43 (நீலகிரிப் பதிவு) வண்டி முழுக்க முழுக்க மலையிலேயே ஓடியிருந்தால் கிலோமீட்டர் உண்மையாகவே குறைவாக இருக்கும். அருவங்காட்டில் வேலை, குன்னூரில் வீடு என்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடிவிடும்? ஆனால் அந்தக் குறைந்த கிலோமீட்டரிலேயே கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, செயின், கோன் செட் (ஹேண்டில் கழுத்து பேரிங்) எல்லாம் சமவெளி வண்டியைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கும். பச்சைத் தேயிலை மூட்டை சுமந்த எக்ஸ்எல் மொபெட் என்றால் சொல்லவே வேண்டாம். ஆகவே மலை வண்டியில் குறைந்த எண்ணுக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

மீட்டரையே மாற்றுவதாக இருந்தால்?

அதே மாடல், அதே சக்கர அளவுக்கான மீட்டரை வாங்குங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே சுற்றுக் கணக்கு வேறாக இருந்தால் வேகமும் தூரமும் இரண்டுமே தப்பும். டயலில் பிரிகால் என்ற பெயரைப் பல வண்டிகளில் பார்த்திருப்பீர்கள். 1975இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை நாம் கோவை இறங்கும் வழியில் பெரியநாயக்கன்பாளையத்தில்தான் இருக்கிறது. பழைய மீட்டரைத் திறந்து சரிசெய்பவர்களும் கோவையில் உண்டு. அசல் மீட்டர் கிடைக்காத பழைய மாடலுக்கு அங்கே கொடுப்பதே மேல். கழற்றும் முன் பழைய மீட்டரின் எண்ணைப் போட்டோ எடுத்து, தேதியோடு சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வைத்துவிடுங்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது யாரும் உங்களைச் சந்தேகப்படக் கூடாது.

மீட்டரே ஓடாத வண்டியை வாங்கலாமா?

வண்டி நன்றாக இருந்தால் வாங்கலாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 117ஆம் விதி ஸ்பீடோமீட்டர் வேண்டும் என்கிறது, அதனால் அப்படியே ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. விலை பேசும் முன் கேபிளைக் கீழே கழற்றி, உள்கம்பியை விரலால் சுற்றிப் பாருங்கள். மேலே முள் துள்ளினால் வார்ம் மட்டும்தான். கம்பி வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றினால் கேபிள். கம்பி நன்றாக இருந்தும் மேலே ஒன்றுமே அசையவில்லை என்றால் மீட்டர் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.